'நோய் எதிர்ப்பு' மிளகாய் விதை: பொட்டலம் சொல்வதும் சொல்லாததும்

பழைய கிள்ளான் சாலையிலிருந்து கம்போங் மேடான் பக்கம் திரும்பினால் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையிலும், தரை வீடுகளின் வாசலிலும், கால்வாய் ஓரத்துத் துண்டு நிலத்திலும் மிளகாய்ச் செடிகளைப் பார்க்கலாம். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் மிளகாயும் வைத்துப் பழகிய குடும்பங்கள் நகரத்துக்கு வந்தபோது, முருங்கைக்கு இடமில்லாமல் போனது. மிளகாய் மட்டும் பூச்சட்டிக்குள்ளும் பாலிபேக்குக்குள்ளும் குடியேறிக்கொண்டது.

அந்தச் செடிக்கு வரும் தொல்லை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நன்றாக வளர்ந்து பூக்கும் நேரத்தில் கொழுந்து இலை சுருளும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும். பூ உதிரும், காய் கோணலாகும். சிலர் உரம் போதவில்லை என்று இன்னும் உரம் கொட்டுவார்கள். சிலர் கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்து அடிப்பார்கள். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுபவர்களும் உண்டு. அடுத்த முறை விதை வாங்கும்போது 'வைரஸ் எதிர்ப்பு' என்று எழுதியிருக்கும் பொட்டலத்தைத் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். அந்தச் செடியும் சுருண்டால், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும்.

பெரும்பாலும் பொட்டலம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது முழுதாகச் சொல்வதும் இல்லை. 'எதிர்ப்பு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், செடியும் மிஞ்சும். வீட்டுத் தேவைக்கு நான்கு செடி வைத்திருப்பவருக்கு இது சிறிய விஷயமாக இருக்கலாம். நிலத்தை வாடகைக்கு எடுத்து, கடன் வாங்கி, சொட்டுநீரில் உரம் கலந்து விடும் 'ஃபெர்டிகேஷன்' முறையில் நூற்றுக்கணக்கான பாலிபேக்குகளில் மிளகாய் போடும் நம் இளைஞருக்கு, இதுதான் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம்.

நம் நாட்டிலிருந்து உலகம் அறிந்த வைரஸ்

மிளகாயைத் தாக்கும் வைரஸ்கள் பல. அவற்றில் ஒன்றை அறிவியல் உலகுக்குத் தனியாக அடையாளம் காட்டியது மலேசியாதான். 1979ஆம் ஆண்டு, மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தின் ஆய்விதழில், தீபகற்ப மலேசியாவில் மிளகாயைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இலை நரம்பை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுகள் விழுவதால் அதற்கு 'சில்லி வெய்னல் மோட்டில் வைரஸ்' என்று பெயர் வந்தது. தமிழில் அதை நரம்புத் திட்டு வைரஸ் எனலாம். இன்று ஆசியாவின் பல நாடுகளில் மிளகாய் ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படும் வைரஸ் இது.

இரண்டாவது, வெள்ளரி தேமல் வைரஸ். 1916லேயே அமெரிக்காவில் வெள்ளரிச் செடியில் கண்டறியப்பட்டதால் பெயரில் வெள்ளரி ஒட்டிக்கொண்டது. ஆனால் அது வெள்ளரியோடு நிற்பதில்லை. 1,200க்கும் மேற்பட்ட தாவர வகைகளில் அது குடியிருக்கும். பூசணி, தக்காளி, வாழை, மணத்தக்காளி, வேலியோரத்துக் களைகள் எல்லாம் இதில் அடங்கும். வாழைக்கும் மணத்தக்காளிக்கும் பக்கத்தில் மிளகாய் வைப்பது நம் வீடுகளில் வழக்கம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இலைச்சுருட்டை வைரஸ் கூட்டம். இலை மஞ்சளாகி, சிறுத்து, கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, செடியே குட்டையாகிவிடும்.

முதல் இரண்டையும் செடிக்குச் செடி கொண்டு போவது அசுவினி. கொழுந்தின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை அல்லது கறுப்புப் பூச்சி அது. செடியில் எறும்பு வரிசை ஏறினால், மேலே அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். அது விடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு போகிறது. மூன்றாவதைக் கொண்டு போவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் வெள்ளைத் தூள்போல் பறக்கும்.

மருந்து ஏன் கைகொடுப்பதில்லை?

செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. கடையில் விற்பது பூச்சியைக் கொல்லும் மருந்து அல்லது பூஞ்சையைக் கொல்லும் மருந்து.

சரி, பூச்சியைக் கொன்றால் வைரஸ் பரவாதே என்று கேட்கலாம். வெள்ளை ஈ விஷயத்தில் அது ஓரளவு உண்மை. இலைச்சுருட்டை வைரஸ் அந்த ஈயின் உடலுக்குள் போய், சுற்றி, பல மணி நேரம் கழித்துத்தான் அடுத்த செடிக்கு இறங்கும். அதற்குள் ஈயைக் கொன்றால் பயன் உண்டு.

அசுவினி அப்படி இல்லை. நோயுள்ள செடியில் ஊசிபோன்ற வாயைச் சில விநாடிகள் குத்தினால் போதும், வைரஸ் வாயின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்திச் சுவை பார்த்தால் அங்கே இறங்கிவிடும். நீங்கள் அடித்த மருந்தில் அந்த அசுவினி பிறகு சாகலாம். ஆனால் சாவதற்குள் வேலையை முடித்துவிடும். வாராவாரம் மருந்து அடித்தும் தேமல் நிற்கவில்லை என்று சொல்பவர்களின் அனுபவத்துக்குக் காரணம் இதுதான். அதனால்தான் உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் பூச்சியை விட்டுவிட்டுச் செடியின் பக்கம் திரும்பினார்கள். வைரஸ் இறங்கினாலும் உள்ளே பெருக முடியாத செடி கிடைத்தால் வேலை மிச்சம்.

செடி எப்படி எதிர்க்கிறது?

வைரஸுக்குச் சொந்தமாகப் பட்டறை இல்லை. தன்னைப் பெருக்கிக்கொள்ள அது செடியின் உயிரணுவுக்குள் இருக்கும் புரதப் பட்டறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பட்டறையில், வேலை ஆணையைப் பிடித்து இயந்திரத்தில் ஏற்றிவிடும் ஒரு புரதம் உண்டு. நரம்புத் திட்டு வைரஸும் அதன் உறவு வைரஸ்களும் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, தங்கள் ஆணையை உள்ளே ஏற்றிவிடுகின்றன.

சில மிளகாய் வகைகளில் அந்தப் புரதத்தின் வடிவம் இயற்கையாகவே கொஞ்சம் மாறியிருக்கிறது. செடியின் சொந்த வேலைக்குக் குறையில்லை. ஆனால் வைரஸின் பிடி அதில் உட்காராது. பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி செல்லாததுபோல. மிளகாயில் இந்த இரகசியத்தை 2002ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெளிப்படுத்தினார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் செடிகள் வைரஸைத் தாங்கி நிற்பது விவசாயிகளுக்கும் இனப்பெருக்க ஆய்வாளர்களுக்கும் தெரியும். ஏன் நிற்கிறது என்பதுதான் அப்போது தெரிந்தது.

நரம்புத் திட்டு வைரஸ் இன்னும் கொஞ்சம் தந்திரமானது. மிளகாயின் பட்டறையில் இந்தப் புரதத்துக்கு ஒரு தம்பியும் உண்டு. அண்ணனின் பூட்டை மட்டும் மாற்றினால் வைரஸ் தம்பியின் வழியாக நுழைந்துவிடும். இரண்டு பூட்டும் மாறியிருந்தால்தான் கதவு அடைபடும் என்று 2009இல் தென் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த வகை எதிர்ப்பு தாய், தந்தை இரண்டு வழியிலும் வந்தால்தான் பிள்ளைச் செடியில் வேலை செய்யும். நல்ல எதிர்ப்பு விதையை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு இது ஒரு காரணம்.

வேறொரு வகை எதிர்ப்பும் உண்டு. வைரஸ் நுழைந்ததைச் செடி அடையாளம் கண்டு, அந்த இடத்துத் திசுவைத் தானே சாகடித்து, தீயைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவதுபோல் பரவாமல் தடுத்துவிடும். புகையிலைத் தேமல் வைரஸ் குடும்பத்துக்கு எதிராக மிளகாயில் இருப்பது இந்த வகைதான்.

ஒரு பூட்டு ஒரு சாவிக்கு மட்டும்

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். 'வைரஸ் எதிர்ப்பு' என்று எழுதியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வைரஸுக்கு என்பது. புகையிலைத் தேமலை எதிர்க்கும் செடி வெள்ளரித் தேமலில் விழுந்துவிடும். நரம்புத் திட்டைத் தடுக்கும் பூட்டு, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டையைத் தடுக்காது. எல்லா வைரஸையும் தடுக்கும் மிளகாய் இதுவரை இல்லை.

இரண்டாவது கேள்வி, அது எதிர்ப்பா, தாங்கும் திறனா என்பது. எதிர்ப்பு என்றால் செடிக்குள் வைரஸ் பெருகாது, அல்லது மிகக் குறைவாகப் பெருகும். தாங்கும் திறன் என்றால் வைரஸ் உள்ளே பெருகும், ஆனால் செடி சமாளித்துக் காய்க்கும். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படியல்ல. தாங்கும் செடி பச்சையாக நின்றுகொண்டே அசுவினிக்கு வைரஸ் வழங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சட்டியில் இருப்பது சாதாரண மிளகாய் என்றால் அது படுத்துவிடும்.

மூன்றாவது, எதிர்ப்பு என்றென்றைக்கும் நிலைப்பதல்ல. இந்த வைரஸ்கள் தங்களைப் பிரதி எடுக்கும்போது நிறையத் தவறு செய்யும். அந்தத் தவறுகளில் ஒன்று புதுப் பூட்டுக்குப் பொருந்தும் சாவியாக அமைந்துவிடலாம். தென் கொரியாவில் வெள்ளரித் தேமலைத் தடுக்கும் ஒரு நல்ல மரபணுவைக் கண்டுபிடித்து வகைகளில் சேர்த்தார்கள். அதை மீறும் புதிய வைரஸ் இனமும் அங்கேயே தென்பட்டது. அதே நேரம், உருளைக்கிழங்கு ஒய் வைரஸுக்கு எதிராக 'ஃபுளோரிடா விஆர் 2' என்ற குடைமிளகாய் வகையில் உள்ள எதிர்ப்பு பல பத்தாண்டுகளாக நிலைத்திருக்கிறது. எந்தப் பூட்டு எவ்வளவு காலம் தாங்கும் என்பது பூட்டைப் பொறுத்தது. அதைச் சுற்றி எத்தனை வைரஸ் உலவுகிறது என்பதையும் பொறுத்தது.

நான்காவது, விதை சேமிப்பு. நம் அம்மா, பாட்டி பழுத்த மிளகாயிலிருந்து விதை எடுத்துக் காயவைத்து அடுத்த முறைக்கு வைப்பார்கள். நாட்டு வகைக்கு அது சரி. 'எஃப்1' என்று எழுதிய கலப்பின விதையில் பிள்ளைகள் எல்லாம் தாய்போல் வரமாட்டார்கள். ஒரு பெற்றோர் வழியாக மட்டும் வந்த ஒற்றை மரபணு எதிர்ப்பு என்றால், சேமித்த விதையில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அந்த எதிர்ப்பே இருக்காது. காயின் அளவும் காரமும்கூட மாறும்.

இந்தியாவிலிருந்து விதை கொண்டுவரலாமா?

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டை வைரஸை எதிர்க்கும் கலப்பின மிளகாய்களை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. அர்கா தேஜஸ்வி, அர்கா தன்வி, அர்கா சான்வி, அர்கா யஷஸ்வி, அர்கா ககன் என்று அவற்றுக்குப் பெயர். இதைக் கேள்விப்பட்டு, ஊருக்குப் போய்வரும் உறவினரிடம் விதை வாங்கிவரச் சொல்ல நினைப்பது இயல்பு.

இரண்டு காரணங்களுக்காக அதைச் செய்ய வேண்டாம். முதலாவது சட்டம். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் 1976இன்படி விதையை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ்களும் உண்டு என்பதால் அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, அந்த எதிர்ப்பு அங்குள்ள வைரஸ்களை வைத்துச் சோதிக்கப்பட்டது. இங்கே உலவும் இனங்களுக்கும் அது செல்லும் என்பதற்கு உறுதி இல்லை.

இங்கேயே மார்டி வெளியிட்ட எம்சி 11, எம்சி 12 போன்ற வகைகளும், பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சிலிபாங்கி வகைகளும், கடைகளில் கலப்பின விதைகளும் உண்டு. எதை வாங்கினாலும் எந்த வைரஸ், எதிர்ப்பா தாங்கும் திறனா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

சுருண்டதெல்லாம் வைரஸ் அல்ல

செடியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும், அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் தாக்கினால் இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகுபோல் இருக்கும். இவை வைரஸ் அல்ல. பூச்சியைக் கட்டுப்படுத்தினால் புதுக் கொழுந்து நேராக வரும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஆந்திராவும் தெலங்கானாவும் சாட்சி. 2021ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே மிளகாய் வயல்களில் புதுவகை இலைப்பேன் ஒன்று பூவுக்குள் புகுந்து பெரும் சேதம் செய்தது. வைரஸ் எதிர்ப்பு விதை போட்டவரையும் அது விடவில்லை. எதிரி வேறு என்பதால் அந்த ஆயுதம் பயன்படவில்லை. நம் சமையலறைக்குக் காய்ந்த மிளகாய் வரும் வட்டாரம் அது.

வைரஸ் என்றால் அடையாளம் வேறு. மஞ்சளும் பச்சையும் கலந்த தேமல், நரம்போரக் கரும்பச்சை, ஒடுங்கிக் கயிறுபோன இலை ஆகியவை தெரியும். அடுத்தடுத்து வரும் கொழுந்தும் அப்படியே வரும். சந்தேகம் இருந்தால் தெளிவான படம் எடுத்து மாவட்ட வேளாண்மை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

அடுக்குமாடியில் என்ன செய்யலாம்?

லயத்து வீட்டில் மழை நேராகச் செடிமேல் கொட்டும். அடைமழை அசுவினியைக் கழுவிவிடும். கூரை போட்ட நடைபாதையில் அந்த உதவி இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அசுவினி இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். முதலில் ஓரிரு இலையில் தெளித்து, கருகவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றுப் பருவம்தான் முக்கியம். சிறு வயதில் வைரஸ் பிடித்த செடி தேறாது. காய்க்கத் தொடங்கியபின் பிடித்தால் இழப்பு குறைவு. அதனால் விதைத்ததிலிருந்து நடும்வரை, வெள்ளை ஈ நுழைய முடியாத அளவு நெருக்கமான கண்ணுள்ள வலைக்குள் நாற்றை வையுங்கள். நோய் பிடித்த பழைய செடிக்குப் பக்கத்தில் புது நாற்றை வைக்காதீர்கள்.

நிலத்தில் நடுபவர்கள் பாத்திக்கு மேல் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பறந்து வரும் அசுவினியையும் வெள்ளை ஈயையும் குழப்பி விலக்கும். சுற்றியுள்ள களைகளை வெட்டுங்கள். 'ரும்புட் தாஹி ஆயாம்' என்று நாம் அலட்சியமாக விடும் களையும் வெள்ளை ஈ வைரஸ்களுக்கு வீடுதான். உரத்தில் தழைச்சத்தைக் கூட்டாதீர்கள். கொழுகொழுவென்று வரும் கொழுந்து அசுவினிக்கு விருந்து.

புகையிலைத் தேமல் குடும்பத்து வைரஸ்கள் பூச்சி இல்லாமல் கையாலும் கத்தியாலும் பரவும். புகைபிடிப்பவர்கள் செடியைத் தொடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

நோய் உறுதியான செடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். பிறகு வேரோடு பிடுங்கி, அப்படியே குப்பையில் போடுங்கள். பை போடாமல் பிடுங்கினால் உதறி விழும் பூச்சிகள் பக்கத்துச் செடிக்குத்தான் போகும். அதில் மிஞ்சிய காயைச் சமைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாகச் சமைக்கலாம். செடியின் வைரஸ் மனித உடலில் பெருகுவதில்லை. சிங்கப்பூர், அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் மலத்தில்கூட மிளகாய் வைரஸ் ஒன்று ஏராளமாக இருந்தது. உணவோடு உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது என்பதுதான் அதன் பொருள்.

கடைசியாக ஒன்று. ஒரே மாடியில் பத்து வீட்டில் மிளகாய் இருந்தால், பூச்சிக்கு அது பத்து தோட்டம் அல்ல, ஒரே தோட்டம். ஒன்பது பேர் நல்ல விதை வாங்கி, வலை கட்டி, தண்ணீர் பீய்ச்சினாலும், சுருண்ட செடி ஒன்றை ஒருவர் பாவம் என்று விட்டுவைத்தால் அந்த உழைப்பு வீணாகலாம். சமூகத் தோட்டம் நடத்தும் குடியிருப்பாளர்கள், எந்தச் செடியை எப்போது எடுப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நம் நாடு உண்ணும் பச்சை மிளகாயில் பெரும்பகுதி இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விலை ஏறும் நாள்களில் வாசலில் காய்க்கும் நான்கு செடி ஒரு குடும்பத்துக்கு உண்மையான உதவி. அந்தச் செடியைக் காப்பதில் நல்ல விதைக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, அந்த மாடியில் இருப்பவர்கள் சேர்ந்து எடுக்கும் கவனிப்பில் இருக்கிறது.